கின்ஷாசாவும் சாமித்தோப்புக் கண்ணாடியும்

அன்பு மக்களே,

நீ பார்க்கச் சொன்ன 'வென் வீ வேர் கிங்ஸ்' ஆவணப்படத்தை நேற்றிரவு உன் அம்மாவும் நானும் பார்த்து முடித்தோம். 1974 அக்டோபர் 30 அன்று ஸயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் கின்ஷாசாவில் முகம்மது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் குத்துச்சண்டையில் மோதியபோது நான் பள்ளி மாணவன். கருங்கல் ஊரில் எங்கள் வாசகசாலையில் பத்திரிகையைப் பிரித்த பெரியவர் ஒருவர், "அந்த வாயாடி ஜெயிச்சிட்டான்" என்று சொன்னது நினைவிருக்கிறது. அலியை வாயாடி என்றே நானும் இத்தனை காலம் எண்ணியிருந்தேன்.

வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் 1967-இல் பட்டத்தை இழந்து, மூன்றரை ஆண்டுகள் களமிறங்க முடியாமல் இருந்தவர், 32 வயதில், ஆடிய 40 போட்டிகளிலும் தோற்றறியாத 25 வயது ஃபோர்மனை எதிர்கொள்ளும் முன், கேமராவைப் பார்த்துத் தன் அழகைத் தானே புகழ்கிறார். அந்த இடத்தில் எனக்குக் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பு நினைவுக்கு வந்தது. தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்த நம் மக்களைத் தலைப்பாகையோடு வரச்செய்து, கண்ணாடியில் தெரியும் தம் உருவத்தின் முன்னே நின்று வணங்க வைத்தவர் அய்யா வைகுண்டர். சிறுவனாக இருந்தபோது என் தலையில் துண்டைக் கட்டிவிட்டு உன் தாத்தா என்னை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறார். கண்ணாடியில் என்னையே கண்டு நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. கறுப்பு நிறத்தை இழிவென்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு அலியின் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

சண்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேடையைச் சுற்றிய கயிற்றில் சாய்ந்து முகத்தைக் கைகளால் மறைத்துக்கொண்டு அடி வாங்கியே எதிராளியைக் களைக்க வைத்த அலி, எட்டாம் சுற்று முடியும் தறுவாயில் அவரை வீழ்த்தினார்.

எனக்கு ஒரு குறை உண்டு. ஃபோர்மன் ஓர் அல்சேஷன் நாயோடு வந்திறங்கியதும், தங்களை முன்பு ஆண்ட பெல்ஜியக் காவலர்களின் நாய்களை மறக்காத அந்நாட்டு மக்கள் அவரை அந்நியராகவே பார்த்தார்கள்; "அலி, போமாயே", அதாவது "அலி, அவனைக் கொல்" என்று லிங்காலா மொழியில் முழங்கினார்கள். ஃபோர்மனும் கறுப்பர்தான், அவரும் வறுமையில் வளர்ந்தவர்தான். பிற்காலப் பேட்டிகளில் எழுத்தாளர்கள் நார்மன் மெய்லரும் ஜார்ஜ் பிளிம்ப்டனும் இயக்குநர் ஸ்பைக் லீயும் நிறையப் பேசுகிறார்கள், தோற்றவருக்கு அந்த வாய்ப்பில்லை. ஆளுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்து இந்தப் பெருமையை விலைக்கு வாங்கியவர் அந்நாட்டுச் சர்வாதிகாரி மொபுட்டு என்பதைப் படம் மறைக்கவில்லை. ஆனாலும் அங்கே இன்னும் சற்று நின்றிருக்கலாம். இயக்குநர் லியோன் காஸ்ட் இதை முடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்றாம். 1997-இல் ஆஸ்கர் கிடைத்தபோது, நடுக்கவாத நோயால் தளர்ந்திருந்த அலிக்கு மேடையேறக் கைகொடுத்தவர் ஃபோர்மன். அந்தக் காட்சியைத் தனியே தேடிப் பார்.

உன் அம்மாவுக்குக் குத்துச்சண்டை பிடிக்கவில்லை. ஃபோர்மனின் புருவத்தில் காயம்பட்டு, போட்டி ஐந்து வாரம் தள்ளிப்போன பிறகும் நடந்த இசைவிழாவில் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா பாடும் இடத்தை மட்டும் இரண்டு முறை போடச் சொன்னாள். அவர் பாடிய வேறு பாட்டுகள் கிடைத்தால் அனுப்பி வை.

அன்புடன்,
அப்பா