மறைத்துப் பிடித்த விளக்கு

லா கூர்நெவ், பாரிஸ்
தை 19

அன்புள்ள அம்மா அறிவது,

நான் இங்கே நல்ல சுகம். நீங்களும் தங்கச்சியும் சின்னம்மா வீட்டாரும் சுகமாயிருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

உங்கள் கடிதம் போன வியாழக்கிழமை கிடைத்தது. மூன்று பக்கமும் உங்கள் கையெழுத்து. கண் தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள், கடைசிப் பக்கத்தில் வரிகள் சரிந்துகொண்டே போகின்றன. “அஞ்சு மாசமா ஒரு துண்டுக் கடுதாசி இல்லை, போனில நீ கதைக்கிறது எனக்கு விளங்கிறேல்லை” என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த பிறகு சாக்குச் சொல்ல மனம் வரவில்லை. பிழை என்னில்தான். இனி மாதம் ஒன்று கட்டாயம் எழுதுவேன்.

இந்த முறை குளிர் அதிகம். விடியப்புறம் யன்னல் கண்ணாடியின் உட்பக்கத்தில் தண்ணீர் வழிகிறது. ஹீட்டரை நான் அதிகம் போடுவதில்லை, தொண்டை வறண்டுவிடும். இரண்டு சுவெட்டர் போட்டால் போதும். வேலைக்கும் இப்போது நடந்துதான் போகிறேன். நாற்பது நிமிட நடை, உடம்புக்கு நல்லது. ரெஸ்ரோரண்டில் குசினி திருத்தும் வேலை நடக்கிறது, அதனால் கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை. மாசி முடியப் பழையபடி வரும் என்று முதலாளி சொன்னார். அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம். போன வருடம் அனுப்பிய ஒடியல் மாவில் இன்னும் ஒரு பை அப்படியே இருக்கிறது. கூழை ஒரு ஆளுக்கு அளவாகக் காய்ச்ச வராது, சட்டி நிறைய வந்துவிடும். நாலு பேர் சேரும் நாளுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

சரி, இதற்குள் வைத்திருக்கும் படத்தைப் பார்த்துப் பயப்படாதேங்கோ. அது நான்தான். முன்மயிர் கொட்டியது உண்மை. ஆனால் நெற்றிச் சுருக்கம் அவ்வளவு இல்லை, மெழுகுதிரி வெளிச்சம் பக்கத்திலிருந்து விழுவதால் கூடத் தெரிகிறது. மண்ணிறச் சட்டையும் முன்சீலையும் என்னுடையவை அல்ல. கையில் இருப்பது துறப்பணம். நான் தச்சுவேலைக்குப் போகவில்லை.

மூன்றாம் மாடி மதாமைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். நான் கொடுத்த சொதியை சூப் என்று நினைத்துக் கோப்பையில் குடித்தாரே, அவர்தான். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு குளிர்காலமும் பழைய ஓவியம் ஒன்றை எடுத்து, எங்கள் கட்டிடத்து ஆட்களை அதிலுள்ளவர்களைப் போல இருத்தி நிறுத்திப் படம் பிடிப்பார். போன வருடம் கீழ்வீட்டு மாலி நாட்டு அக்காவைப் பால் ஊற்ற வைத்தார். வெர்மீர் என்ற ஒல்லாந்து ஓவியர் வரைந்த பால்காரியின் படம் அது. ஊரில் நத்தாருக்குக் கோயிலில் பிள்ளைகளை வைத்துப் பாலன் பிறப்புக் காட்டுவார்களே, ஆடாமல் அசையாமல் நிற்பார்கள், அந்த மாதிரித்தான். இது ஒன்றும் புதுப் பழக்கமில்லையாம். 1857இலேயே ரெய்லாண்டர் என்பவர் ஆட்களை இப்படி நிறுத்திப் பிடித்த 30க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்கியிருக்கிறார். விக்டோரியா மகாராணியே அதில் ஒரு பிரதி வாங்கினாராம்.

இந்த வருடம் மதாம் எடுத்தது ‘தச்சர் யோசேப்பு’ என்ற ஓவியம். வரைந்தவர் ஜோர்ஜ் டு லா தூர், 1642 அளவில். என்னையும் லூவ்ருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஆளுயரம்கூட இல்லாத படம். முழுக்க இருட்டு. கிழவர் ஒருவர் குனிந்து மரக்குற்றியில் துளை போடுகிறார். எதிரில் யேசு, சின்னப் பிள்ளையாக, மெழுகுதிரி பிடித்தபடி இருக்கிறார். சுடருக்கு முன்னால் ஒரு கையை மறைத்துப் பிடித்திருக்கிறார். விரல்களுக்கூடாக வெளிச்சம் வருகிறது. தசை சிவந்து, இரத்தமே தெரிவது போல. அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை அம்மா.

படம் பிடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு என்றால் எனக்கும் வேலையில்லை. வெள்ளைச் சட்டை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்று மதாம் அதைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்திருந்தார். யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினார். ஹீட்டரின் காற்றுக்குச் சுடர் ஆடுகிறதென்று அதையும் நிற்பாட்டினார். ஒற்றை மெழுகுதிரியில் படம் விழ கமரா இரண்டு வினாடி திறந்திருக்க வேண்டும். அதுவரைக்கும் மூச்சுவிடக் கூடாது. விறைத்த கையால் துறப்பணத்தைப் பிடித்துக்கொண்டு முதுகு வளைய நின்றேன்.

மெழுகுதிரி பிடித்தது இரண்டாம் மாடிப் பெடியன். எட்டு வயது, ஆப்கானிஸ்தான் பிள்ளை, வந்து இரண்டு வருடம்தான். கையை எப்படி வைக்க வேண்டுமென்று காட்டிக்கொடுக்க மதாம் ஓவியத்தின் அச்சுப் படத்தோடு கிட்டப் போனார். அதற்கு முன்பே பெடியன் கையைக் குழித்துச் சுடரை மறைத்துவிட்டான். முகத்தில் மட்டும் வெளிச்சம், வெளியே ஒரு பொட்டு இல்லை. “எங்கே பழகினாய்?” என்று மதாம் கேட்டார். “வீட்டில்” என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா, எனக்கு அந்த இடத்தில் கால் நடுங்கிவிட்டது. 1990இல் அப்பா பின்வளவில் பங்கர் வெட்டிய இரவுகள் உங்களுக்கு மறந்திருக்காது. கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் போத்தல் கணக்கு. எனக்கு ஏழு வயது. ஜாம் போத்தல் விளக்கைப் பிடித்துக்கொண்டு குழி விளிம்பில் குந்தியிருப்பேன். “கையால மறைச்சுப் பிடியடா, பிளேனுக்குத் தெரியும்” என்று அப்பா குழிக்குள்ளிருந்து சொல்வார். மறைத்துப் பிடிப்பேன். சூட்டில் உள்ளங்கை எரியும். என் விரல்கள் சிவப்பாகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அது எனக்குப் பெரிய அதிசயம். அப்பாவின் நெற்றியில் வேர்வை மினுங்கும். மண்வெட்டி கல்லில் படும் சத்தம் கேட்டால் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அன்றைக்கு நான் குனிந்து நின்ற நிலை அப்பா நின்ற நிலை. பெடியன் இருந்தது நான் இருந்த இடம். அப்பா போனபோது எனக்குப் பேப்பர் இல்லை, வர முடியவில்லை. வீடியோவில் காட்டிய முகம் அப்பாவின் முகமாகவே எனக்குப் படவில்லை. இந்தப் படத்தைக் கழுவித் தந்தபோதுதான், இத்தனை வருடத்துக்குப் பிறகு, அப்பாவைப் பார்த்தது போல் இருந்தது. நெற்றியை வடிவாகப் பாருங்கோ. நீங்கள் சொல்லுங்கோ, நான் வீணாக நினைக்கிறேனா என்று.

படம் முடிந்து மதாம் சூப் தந்தார், லீக்ஸ் போட்டது. அப்போதுதான் அந்த ஓவியரின் கதையைச் சொன்னார். அவர் லொரேன் பகுதியில் லூனெவில் என்ற ஊரில் இருந்தவர். 1618இல் தொடங்கி முப்பது வருடம் நடந்த சண்டை அந்தப் பக்கத்தைச் சுடுகாடாக்கியது. 1638இல் லூனெவிலை எரித்தார்கள். அவரும் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து போனார். மெழுகுதிரிப் படங்களை அவர் வரைந்தது அப்படியான காலத்தில். 1652இல் இறந்த பிறகு அவரை எல்லோரும் மறந்தேபோனார்கள். 1915இல் ஒரு ஜெர்மன் அறிஞர் எழுதிய பிறகுதான் அவரைத் தேடத் தொடங்கினார்கள்.

மதாமும் அந்தப் பக்கம்தான், மெட்ஸ் நகரம். அவருடைய பாட்டியார் 1900இல் பிறந்தபோது அந்த ஊர் ஜெர்மனி. 1918இல் பிரான்ஸ், 1940இல் திரும்ப ஜெர்மனி, 1944இல் திரும்பப் பிரான்ஸ். மனிசி பிறந்த தெருவிலேயே இருந்தும் நாடு மூன்று தரம் மாறிவிட்டது. நான் அவருக்கு 1995 ஐப்பசியில் நாங்கள் நாவற்குழிப் பாலம் கடந்ததைச் சொன்னேன். மழை, இருட்டு, அடி எடுத்து வைக்க இடமில்லாத சனம், சைக்கிளில் அரிசிச் சாக்கும் தங்கச்சியும். பெடியனின் தாய் பக்கத்தில் இருந்தார். எங்கள் இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறை. ஆனாலும் நான் பாலம் என்றதும் அவர் தலையை ஆட்டினார், அவர்களுக்கு அது ஒரு மலைப்பாதை. நானூறு வருடத்துக்கு முந்தின ஓவியத்துக்குள் எங்களை நிறுத்த மதாமுக்கு ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை, சட்டைக்குச் சாயம் போட்டதைத் தவிர.

அன்று இரவு நித்திரை வரவில்லை. எங்கள் கிணற்றடி, துலா கிரீச்சிடும் சத்தம், நீங்கள் விடிய எழும்பி முற்றம் கூட்டுவது எல்லாம் வந்துகொண்டே இருந்தது. எழும்பித் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

அப்புறம், வீட்டு விசயம். படத்தை அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டாம். அந்தச் சுவரில் மாலை போட்ட படங்கள்தான் இருக்கின்றன. அலுமாரிக்குள் வையுங்கோ. கண் ஒப்பரேசனை இனித் தள்ளிப்போட வேண்டாம், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய்த் திகதி எடுங்கோ. இந்த மாதம் அனுப்பியது கொஞ்சம் குறைவு, மாற்று விலை சரியில்லை. பங்குனியில் சேர்த்து அனுப்புகிறேன். சித்தப்பா கிழக்கு வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டதற்காக அவரோடு சண்டைக்குப் போகாதேங்கோ. காணி உறுதியில் அளவு இருக்கிறது, கலியாணம் முடியப் பார்க்கலாம். மாப்பிள்ளை வீட்டார் ஆவணிக்குள் வீடு வேண்டுமென்று நிற்கிறார்கள் என்றால் சம்மதம் சொல்லுங்கோ, அத்திவாரம் வரைக்கும் காசுக்கு நான் வழி பண்ணுவேன்.

ஆனால் ஒன்று. நீங்கள் பின்வளவில் பலாமரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் கட்டப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். பங்கர் இருந்தது அந்த இடத்தில்தான். திரும்பி வந்தபின் அப்பா கல்லும் குப்பையும் போட்டுத்தான் நிரப்பினார், மேலேதான் மண். மேசனுக்கு அது தெரியாது. பலாமரத்திலிருந்து கிணற்றுப் பக்கம் எட்டு அடி வைத்தால் வாசல், அங்கிருந்து வலப்பக்கம் திரும்பும். ஆறடியாவது கிளறி, அப்பாவின் மண்வெட்டி பட்ட அந்தக் கல் வரும்வரைக்கும் தோண்டச் சொல்லுங்கோ. கல் வந்த பிறகு அத்திவாரம் போடட்டும்.

இப்படிக்கு,
அன்பு மகன்