செயலாளரின் ஆண்டறிக்கை: இவ்வாண்டுப் பணிகளும் தஸ்மானியா வரலாற்று முயற்சியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே,

கடந்த பொதுக்கூட்டத்திலிருந்து இன்றுவரையான சங்கப் பணிகளை உங்கள் முன் சமர்ப்பிக்கிறேன். பொங்கல் விழா வழமைபோல் நடந்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு மண்டபம் கிடைக்காததால் ஒன்றுகூடலைப் பூங்காவில் வைத்தோம். கோடைச் சுற்றுலா மழையால் ஒரு கிழமை தள்ளிப்போய் நிறைவேறியது. வாணி விழாவில் பிள்ளைகளின் நிகழ்ச்சிகள் சிறப்பாக இருந்தன. நிர்வாகசபை விடுமுறை மாதங்கள் தவிர்ந்த எல்லா மாதங்களிலும் கூடியது.

இனி, சென்ற பொதுக்கூட்டத்தில் நான் முன்மொழிந்து, நீங்கள் கைதூக்கி ஏற்றுக்கொண்ட வேலை பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் வாழும் பேர்லின் நொய்கோல்ன் பகுதியின் உதைபந்தாட்டக் கழகமான தஸ்மானியாவின் வரலாற்றைத் தமிழில் தொகுத்து, இளையோருக்கு உரைகளாகச் சொல்லி, பிறகு ஒரு சிறு நூலாக்குவது என்பதே அந்தத் தீர்மானம். அது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. ஆனாலும் ஆண்டு முழுவதும் "ஜேர்மன்காரரின் தோற்றுப்போன கழகத்துக்கும் எங்கள் சங்கத்துக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நேரில் கேட்டவர்களுக்கு நேரிலேயே பதில் சொன்னேன். கேட்காமல் வெளியில் கதைத்தவர்களுக்கும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

தஸ்மானியா என்றதும் பேர்லினில் யாரைக் கேட்டாலும் ஒரே ஒரு பருவத்தைத்தான் சொல்வார்கள். 1965-66. ஜேர்மனியின் முதல்நிலை லீக்கான புண்டஸ்லீகாவின் வரலாற்றிலேயே மிக மோசமான அணி. 34 ஆட்டங்களில் 2 வெற்றி, 4 சமநிலை, 28 தோல்வி. அடித்த கோல்கள் 15, வாங்கியவை 108. வெற்றிக்கு இரண்டு புள்ளி கொடுத்த அந்தக் காலத்துக் கணக்கில் மொத்தம் 8 புள்ளிகள். இந்தச் சாதனைகளை இன்றுவரை எந்த அணியும் முறியடிக்கவில்லை. ஆனால் அந்த அணி அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தக் கதையைத்தான்.

1963இல் புண்டஸ்லீகா தொடங்கியபோது பேர்லினுக்குக் கிடைத்த இடம் ஹெர்த்தா கழகத்துக்குப் போனது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் நகரின் நடுவே சுவர் எழும்பியிருந்தது. நாலு பக்கமும் அடைபட்ட மேற்கு பேர்லினுக்கு வந்து ஆட நல்ல வீரர்கள் தயங்கினார்கள். அவர்களை இழுக்க ஹெர்த்தா விதிக்கு மேலாகக் காசு கொடுத்தது. அது 1965இல் வெளிப்பட்டு, ஹெர்த்தாவின் உரிமம் பறிக்கப்பட்டது. ஆனால் மேற்கு பேர்லின் இல்லாத தேசிய லீக்கை ஜேர்மன் உதைபந்தாட்டச் சங்கம் விரும்பவில்லை. அன்றைய அரசியலில் அது விளையாட்டை மீறிய விஷயம். ஆகவே பேர்லினிலிருந்து வேறொரு கழகத்தைத் தேடினார்கள். பேர்லின் லீக்கில் முதலிடம் பெற்ற டெனிஸ் பொருசியா, மேலேறுவதற்கான சுற்றில் ஏற்கனவே தோற்றிருந்தது. இரண்டாமிடம் பெற்ற ஸ்பண்டவ் கழகம் வேண்டாம் என்றுவிட்டது. மூன்றாவதாக நின்ற தஸ்மானியா சரி என்றது. பருவம் தொடங்க இரண்டு கிழமையளவுதான் இருந்தது. வீரர்களில் பலர் விடுமுறையில் இருந்தார்கள்.

மற்றவர்கள் கைவிட்ட பொறுப்பை இவர்கள் ஏற்றார்கள் என்பதை நான் எல்லா உரைகளிலும் அழுத்திச் சொன்னேன். சங்கங்களில் வேலை செய்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

1965 ஆகஸ்ட் 14ஆம் திகதி முதல் ஆட்டம், கார்ல்ஸ்ரூ அணியுடன். ஒலிம்பிக் மைதானத்துக்கு 81,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். வுல்ஃப்-இங்கோ உஸ்பெக் இரண்டு கோல் அடிக்க, தஸ்மானியா 2-0 என வென்றது. அடுத்த வெற்றி 1966 மே 21ஆம் திகதி, நொய்ன்கிர்ஷன் அணிக்கு எதிராக 2-1. இடையில் 31 ஆட்டங்கள் வெற்றியில்லாமல் போயின. இரண்டு உலகக் கிண்ணங்களில் ஆடிய ஹோர்ஸ்ட் சிமானியாக் இத்தாலியிலிருந்து வந்து சேர்ந்தும் பலனில்லை. 1966 ஜனவரி 15ஆம் திகதி மொன்ஷன்கிளாட்பாக் அணியுடன் ஆடியபோது அதே பெரிய மைதானத்தில் இருந்தவர்கள் 827 பேர். புண்டஸ்லீகா வரலாற்றில் அதைவிடக் குறைந்த கூட்டம் பார்த்த ஆட்டமில்லை, நோய்த்தொற்றுக் காலத்தில் பூட்டிய அல்லது ஆட்களை மட்டுப்படுத்திய மைதானங்களில் நடந்தவை தவிர. அன்று தஸ்மானியா தோற்கவில்லை, 0-0. பல்லாயிரம் இருக்கைகள் வெறுமையாகக் கிடக்க, சமநிலைக்காகத் தொண்ணூறு நிமிடமும் ஓடியவர்களைப் பற்றி நான் கதைத்தபோது பின்வரிசைப் பிள்ளைகள்கூடத் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். அதே பருவத்தில் மைடரிச் அணியிடம் சொந்த மைதானத்தில் 0-9 எனத் தோற்றதையும் நான் மறைக்கவில்லை.

கழகத்தின் வயது இந்த ஒரு பருவத்தைவிட எவ்வளவோ பெரியது. 1900ஆம் ஆண்டு, நொய்கோல்ன் இன்னும் ரிக்ஸ்டோர்ப் என்று அழைக்கப்பட்ட நாளில், கழகம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்களில் சிலர் ஒஸ்ரேலியாவுக்குத் தெற்கேயுள்ள அந்தத் தீவுக்குக் குடிபெயர நினைத்திருந்ததால் இப்பெயர் வந்தது என்று கழகத்தில் சொல்வார்கள். 1959, 1960, 1962 ஆண்டுகளில் பேர்லின் சம்பியன் தஸ்மானியாதான். அந்த வெற்றிகளை இன்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 28 தோல்விகள் மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். எனக்கு இது அநியாயமாகப் படுகிறது.

அந்த 28 தோல்விகளால் கழகம் அழியவில்லை என்பதையும் பலர் கவனிப்பதில்லை. புண்டஸ்லீகாவிலிருந்து இறங்கிய பிறகும் பேர்லின் லீக்கில் ஏழு ஆண்டுகள் ஆடியது. 1973இல் அதை முடித்தது கடன். கட்ட வேண்டியதைக் கட்ட முடியாமல் கழகம் முறிந்தது. அதே 1973இல் புதிய தஸ்மானியா பதிவு செய்யப்பட்டது, இளையோர் பிரிவு அதற்குள் போனது. முதலணி போனாலும் பிள்ளைகளின் அணிகள் நின்றன, பிள்ளைகளை வைத்தே கழகம் அடிமட்டத்திலிருந்து மறுபடி ஏறியது. 2021இல் நான்காம் நிலைக்கு உயர்ந்தது, ஒரே பருவத்தில் மீண்டும் ஐந்தாம் நிலைக்கு இறங்கியது. இதற்கிடையில் 2021 ஜனவரியில், புண்டஸ்லீகாவில் ஷால்க அணி 30 ஆட்டங்கள் வெற்றியில்லாமல் வந்து தஸ்மானியாவின் 31ஐத் தொடும் நிலையில் நின்றது. தங்கள் சாதனை பறிபோகக் கூடாது என்று தஸ்மானியா ரசிகர்கள் ஷால்க வெல்ல வேண்டும் என வேண்டினார்கள். ஷால்க ஹொபன்ஹைம் அணியை 4-0 என வென்றது, சாதனை நொய்கோல்னிலேயே தங்கியது. அந்தப் பருவத்தைச் சொல்லி ஊரே கேலி செய்தபோதும் இவர்கள் அதை வெட்கமாக எண்ணி ஒளிக்கவில்லை, தங்களுடையது என்று வைத்துக்கொண்டார்கள். இதை நான் பெரிய குணமாக மதிக்கிறேன்.

இளையோரை ஓடர் வீதியிலுள்ள கழக மைதானத்துக்கும் அழைத்துச் சென்றோம். தெம்பல்ஹோப் பழைய விமான நிலையத் திடலில் பட்டம் விடப் போகிற நம்மவர்களுக்கு அதன் பக்கத்தில்தான் இந்த மைதானம் இருக்கிறது என்பதே தெரியாது. மல்யுத்த வீரர் வேர்னர் சீலன்பிண்டரின் அஸ்தி அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. 1936 பேர்லின் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றவர். நாசிகளை எதிர்த்ததற்காக 1944 ஒக்டோபரில் கொல்லப்பட்டார். போர் முடிந்த 1945இலேயே மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அவர் கம்யூனிஸ்ட் என்பதால் மேற்கு பேர்லினில் பிறகு அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள், 2004இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இளையோர் அந்தக் கல்லறையருகே நின்று கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொன்னேன். சங்கத்தின் எந்த விழாவிலும் அவர்கள் இவ்வளவு கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

சரி, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு? எண்பதுகளில் நம்மவர்கள் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, கிழக்கு பேர்லின் வழியாக மேற்கே கடந்து வந்தார்கள். 1985இல் கிழக்கு ஜேர்மனி அந்த வழியை இறுக்கும்வரை ஆயிரக்கணக்கானோர் அப்படித்தான் வந்தார்கள். அவர்களில் சிலர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளாக வாழும் தெருவின் வரலாறு நம்முடையதல்ல என்றால் எத்தனை ஆண்டு வாழ்ந்தால் நம்முடையதாகும்? நம் பிள்ளைகள் இந்தப் பகுதிக் கழகங்களின் சீருடையில் ஆடுகிறார்கள். ஊரின் விளையாட்டுக் கழகங்கள் பற்றி இரவிரவாகக் கதைக்கும் நாம், பிள்ளை ஆடும் கழகத்தின் கதையைத் தெரியாமல் இருப்பது சரியல்ல.

உரைகளுக்கு இளையோர் வந்தார்கள். வயதில் மூத்த சில அம்மாக்கள் வந்தார்கள். தீர்மானத்துக்குக் கைதூக்கிய அங்கத்தவர்களில் பாதிப்பேர்கூட வரவில்லை. நிர்வாகசபையில் சிலர் ஒரு உரைக்கும் வரவில்லை. கதிரை அடுக்கவும், தேநீர் வைக்கவும், முடிந்த பிறகு மண்டபத்தைக் கூட்டவும் ஒவ்வொரு முறையும் அதே மூன்று நாலு பேர்தான். அழைப்பு எல்லாருக்கும் போனது, வட்சப் குழுவில் நீல அடையாளமும் விழுந்தது. விழாவில் முன்வரிசை தேடுபவர்கள் வேலை நாளில் பின்வரிசைக்காவது வர வேண்டும் என்று மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சந்தா விடயமும் அப்படித்தான். ஆண்டு தொடக்கத்தில் ஒரு நினைவூட்டல், கோடைக்கு முன் ஒன்று, பிறகு பொருளாளர் தனித்தனியாகத் தொலைபேசி எடுத்தார். இன்னும் கணிசமானோர் கட்டவில்லை. இரண்டு ஆண்டுச் சந்தா நிலுவையில் உள்ளவர்களும் இருக்கிறார்கள். பெயர் வாசிக்க வேண்டும் என்று ஒரு கருத்து நிர்வாகசபையில் வந்தது, நான் இணங்கவில்லை. ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இந்நாட்டுச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிவுசெய்ய ஏழு பேர் போதும், அங்கத்தவர் மூன்று பேருக்குக் கீழே குறைந்தால் பதிவு போய்விடும். நம் பட்டியலில் ஏழு பேரைவிட எவ்வளவோ அதிகம் பெயர்கள் உண்டு. சந்தா கட்டி, கூட்டத்துக்கும் வருபவர்களை மட்டும் எண்ணினால் எனக்குக் கவலையாக இருக்கிறது. 81,000 பேர் வந்த மைதானத்துக்கு ஐந்தே மாதத்தில் 827 பேர் வந்த கதையை நான் உங்களுக்குச் சொன்னது விளையாட்டுச் செய்தியாக மட்டும் அல்ல.

கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவும் செலவும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன. மண்டப வாடகையே பெரிய செலவு. விழாக்களின் உணவு விற்பனை கைகொடுத்தது. சென்ற ஆண்டின் சேமிப்பில் ஒரு பகுதி இவ்வாண்டு செலவாகியது. வரலாற்று முயற்சிக்கென ஒதுக்கிய தொகைக்குள்ளேயே உரைகளும் மைதானப் பயணமும் முடிந்தன. இதை ஐயமாகக் கேட்டவர்கள் பற்றுச்சீட்டுகளைப் பொருளாளரிடம் பார்க்கலாம்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், உள்ளகக் கணக்காய்வாளர்களுக்கும், சமையலுக்கு உதவிய அனைவருக்கும், தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி. உரைகளுக்கு ஜேர்மன் மொழிப் பத்திரிகைத் துணுக்குகளைத் தமிழாக்கித் தந்த இரண்டு இளம் பிள்ளைகளுக்குத் தனி நன்றி. அவர்கள் இல்லாமல் இந்த வேலை பாதியில் நின்றிருக்கும்.

வரும் ஆண்டைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். நூலின் கையெழுத்துப் பிரதி ஆயத்தம். தட்டச்சுப் பிழை பார்த்தாயிற்று. அச்சுக்குக் கொடுப்பதா இல்லையா என்பது நிலுவைச் சந்தா எவ்வளவு வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது. சங்கத்தின் சேமிப்பில் இனிக் கைவைக்க நான் விரும்பவில்லை, நிர்வாகசபையும் சம்மதிக்காது. செயலாளர் பொறுப்பைத் தொடர்ந்து ஏற்பீர்களா என்று சிலர் கேட்டார்கள். இளையோர் பிரிவுக்கென்று இருவர் பொறுப்பெடுக்க முன்வந்தால் நானும் தொடர்வேன். மறுபடியும் எல்லாம் மூன்று நாலு பேர் தலையில் விழும் என்றால் பொறுப்பை இன்றைக்கே வேறொருவரிடம் கொடுப்பது நல்லது. பள்ளி விடுமுறைக்குப் பின் தஸ்மானியாவின் சொந்த மைதான ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துப்போக எண்ணியிருக்கிறோம். நுழைவுச்சீட்டைச் சங்கம் வாங்கும், பெரியவர்கள் தங்கள் சீட்டைத் தாங்களே வாங்க வேண்டும்.

தேநீர் இடைவேளையில் பொருளாளர் கதவடியில் மேசை போட்டு இருப்பார். சந்தாவைக் காசாகக் கட்டலாம், வங்கி வழியாகக் கட்ட விரும்புவோருக்குக் கணக்கு விபரம் எழுதிய துண்டு அங்கேயே இருக்கிறது. இளையோர் பிரிவுக்குப் பெயர் கொடுப்பவர்கள் என்னிடம் நேரடியாகத் தரவும். இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

செயலாளர்