வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்களுக்கு நான்காவது கோரிக்கை மனு

அனுப்புநர்:
பெயரும் முகவரியும் உறையின் மேல் உள்ளன.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
வேலூர்.

பொருள்: மோட்டார் கேபிள் திருட்டு – புகாருக்கு ரசீது தராதது – முதியவரை மரியாதையின்றி நடத்தியது – எங்கள் காவல் நிலையத்துக்கு நிலையான ஆய்வாளர் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பாலாற்றங்கரையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. இடத்தை விளக்கத் தேவையில்லை. மணல் வண்டி பிடிக்க வரும் காவல் வாகனங்கள் அந்த மண் பாதையில்தான் இறங்கும். இதே விஷயமாக நிலையத்தில் இரண்டு முறையும் உட்கோட்ட அலுவலகத்தில் ஒரு முறையும் மனு கொடுத்துவிட்டோம். பதில் இல்லை. ஆகவே தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

1. தை மாதம் கிணற்று மோட்டார் கேபிளை அறுத்துக்கொண்டு போனார்கள். பங்குனியில் மறுபடியும், இந்த முறை ஸ்டார்ட்டர் பெட்டியோடு. செம்புக்காக ஒயரை எரித்த கரி ஆற்றோரம் கிடந்தது. அதையும் சொன்னோம்.

2. முதல் மனுவை வாங்கிய ஆய்வாளர் மாறுதலில் போய்விட்டார். அடுத்தவரை எந்த நிலையமும் தராமல் காத்திருப்போர் பட்டியலில் வைத்துவிட்டார்கள். இப்போது பக்கத்து நிலைய ஆய்வாளருக்குக் கூடுதல் பொறுப்பு. அவரும் பாதி நாள் பந்தோபஸ்தில். எப்போது போனாலும் ரைட்டர் (நிலைய எழுத்தர்) ஒருவர்தான் இருக்கிறார். மனு ரசீது கேட்டால், "புது ஐயா வரட்டும், பார்க்கலாம்." அந்தப் புது ஐயா 14 மாதத்தில் மூன்று முறை வந்துவிட்டார்.

3. கேபிள் போனால் போகட்டும் ஐயா, கடன் வாங்கியாவது போட்டுக்கொள்வோம். நான் எழுத வந்தது என் தந்தையாரைப் பற்றி. அவருக்கு 74 வயது. போன மாதம் "விசாரணைக்கு வா" என்று போன் வந்ததும் வெள்ளை வேட்டி எடுத்துக் கட்டிக்கொண்டு காலை 9 மணிக்குப் போனார். வாசல் படியில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. மதியம் மாத்திரை போட வேண்டும், சாப்பிட்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, அவர் பேரன் வயதுள்ள ஒரு காவலர், "யோவ், உன் கேபிளைத் தேடுறதுதான் எங்களுக்கு வேலையா?" என்றாராம். 4 மணிக்கு, "ஐயா வரமாட்டார், நாளைக்கு வா." கோட்டைக்குள் பயிற்சிக் காவலர்கள் அணிவகுப்பதைச் சின்ன வயதில் நின்று பார்த்ததை எங்களுக்குக் கதையாகச் சொன்னவர் அவர். காக்கிச் சட்டை தெருவில் வந்தால் தோளில் இருக்கும் துண்டை எடுப்பார், பயத்தால் அல்ல. இப்போது போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து வீட்டுக்குள் போய்விடுகிறார். அன்று என்ன நடந்தது என்பதை எங்களிடம் சொல்லவே அவருக்கு மூன்று நாள் ஆனது.

4. 60 வயது தாண்டிய ஆணைச் சாட்சியாக விசாரிப்பதென்றால் வீட்டுக்குத்தான் போக வேண்டும், நிலையத்துக்கு அழைக்கக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 179ஆம் பிரிவு சொல்கிறது. பழைய சட்டத்தில் அது 65 வயது. 2024 ஜூலை 1 முதல் 60. காவலர்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுப்பது?

5. அந்தக் காவலர் மேல் நடவடிக்கை கேட்கவில்லை. அவர் முந்தின இரவு எந்தத் திருவிழாவில் நின்றாரோ. ஆனால் மேலே ஒருவர் நிலையாக உட்கார்ந்திருந்தால் கீழே வாய் இப்படி நீளுமா? நிலையப் பொறுப்பு அதிகாரிக்குக் குறைந்தது 2 ஆண்டு பதவிக்காலம் வேண்டும் என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இலேயே சொல்லிவிட்டது. 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது சந்தோஷப்பட்டோம். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் பக்கம் போயின, அரக்கோணம் ராணிப்பேட்டை பக்கம் போனது. இனி நம் எஸ்.பி.க்கு நம்மைப் பார்க்க நேரம் இருக்கும் என்று நினைத்தோம். ஒரு எஸ்.பி. நாற்காலி மூன்றானது. எங்கள் நிலையத்தில் இருக்கும் ஒரே ஆய்வாளர் நாற்காலியில் உட்காரத்தான் ஆளில்லை.

6. ரசீது. அதையாவது கொடுங்கள் ஐயா! ஒரு துண்டுச் சீட்டு.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் மன்னிக்கவும். நிலையத்தில் பதிய மறுத்தால் தபாலில் தங்களுக்கு எழுதலாம் என்று அதே புதிய சட்டத்தின் 173(4) பிரிவு சொல்வதால்தான் எழுதுகிறேன். எங்கள் புகாரைப் பதிந்து ரசீது தர உத்தரவிட வேண்டும். எங்கள் நிலையத்துக்கு ஒரு ஆய்வாளரைப் போட்டு, அவரை இரண்டு வருடமாவது அங்கேயே விட்டுவைக்க வேண்டும். பெரியவர்கள் வந்தால் உள்ளே உட்கார வைத்து, "வாங்க, என்ன விஷயம்" என்று கேட்க வேண்டும். இதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.

வரும் புதன்கிழமை மனு நாளில் நேரில் வருகிறேன். அப்பாவையும் கூப்பிட்டேன், வர மாட்டேன் என்கிறார். தயவுசெய்து ஆவன செய்யுங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்