வலது கையை முதலில் பழக்கு

என் கண்ணுக்கு,

நீ பாஞ்சோ வாங்கிவிட்டாய் என்று அப்பா சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தோல் போர்த்திய வட்ட உடலும் நீண்ட கழுத்தும் ஐந்து கம்பியும் உள்ள, நான் வாசிக்கும் அதே அமெரிக்க வாத்தியம்! போனில் பேசினால் நீ பாதியில் மீட்டிங்குக்கு ஓடிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். “முப்பது தாண்டியாச்சு, இனிமேல் வருமா?” என்று அவரிடம் கேட்டாயாம். வரும். எனக்கு ஐம்பதுக்கு மேல்தான் வந்தது, வாத்தியார் யாரும் வைத்துக்கொள்ளாமலே.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள். வீடியோக்களில் விரல்களுக்கு உறை மாட்டி மின்னல் வேகத்தில் வாசிப்பது புளூகிராஸ் என்ற இசை வகை. 1945-ல் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பிரபலமாக்கிய மூன்று விரல் பாணி அது. நான் வாசிப்பது அதற்கும் முந்தைய ‘ஓல்ட் டைம்’, அமெரிக்கத் தெற்கின் மலைநாட்டு ஆட்ட இசை. இதில் உறை கிடையாது. கையைப் பாதி மூடிக்கொண்டு, ஆள்காட்டி விரல் நகத்தின் முதுகால் கம்பியைக் கீழ்நோக்கித் தட்ட வேண்டும். இந்த வாசிப்புக்குக் கிளாஹேமர் என்று பெயர்.

இதில் எல்லாமே வலது கைதான். ஒரு கம்பியில் ஒரு தட்டு, அப்புறம் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து ஒரு வருடல், உடனே கட்டைவிரல் ஐந்தாம் கம்பியை விடுவது. வாயால் சொன்னால் ‘தோம், தக. தோம், தக.’ நகம் கீழே இறங்கும்போதே கட்டைவிரல் ஐந்தாம் கம்பியில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். கை மேலே எழும்போது அது தானாகக் கம்பியை விட்டு வரும். கட்டைவிரலைத் தனியாக மடக்கிச் சுண்டாதே, தாளம் நொண்டும். இடது கையைக் கம்பிகள் மேல் லேசாக வைத்து ஓசையை அடக்கிக்கொண்டு, டிவி பார்க்கும்போதுகூட இதையே பண்ணிக்கொண்டிரு. பாட்டு வரவில்லையே என்று பறக்காதே. இந்த இசை ஆடுவதற்காகப் பிறந்தது. சுரம் ஒன்றிரண்டு தவறினாலும் ஆடுகிறவர் கால் நிற்காது, தாளம் தவறினால் நின்றுவிடும்.

அந்த ஐந்தாம் கம்பி குட்டையானது. அதை முறுக்கும் பிருடை கழுத்தின் நடுவே, வீணையில் இருப்பது போன்ற மெட்டுகளில் ஐந்தாவதுக்குப் பக்கத்தில் இருக்கும். பாட்டி வீணையில் சுண்டுவிரலால் மீட்டுவாளே, அந்தத் தாளக் கம்பிகளை நினைத்துக்கொள். பாட்டு எங்கே போனாலும் இதுவும் ஒரே சுரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இந்தக் கம்பி எங்கிருந்து வந்தது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்களிடம் அகோன்டிங் என்று ஒரு சுரைக்குடுக்கை வாத்தியம் உண்டு. மூன்று கம்பிகளில் ஒன்று குட்டை, அதைக் கட்டைவிரல்தான் மீட்டும். மற்றதை நகத்தால் கீழ்நோக்கித் தட்டுவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் கைகளில்தான் பாஞ்சோ பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு, அதே மக்களைக் கேலி செய்ய அதை மேடையேற்றினார்கள். 1920-களில் ரெக்கார்டு கம்பெனிகள் இந்த மலைநாட்டு இசை என்றாலே வெள்ளையர் இசை என்று விற்றன. யாராவது உன்னிடம் அப்படிச் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதே.

வட கரோலினாவில் நம் டர்ஹாம் வீட்டிலிருந்து மேபேன் ஊர் அரைமணி நேரம்தானே? அங்கேதான் ஜோ தாம்ப்சன் ஃபிடில் (வயலின்) வாசித்தார், 1918-ல் பிறந்து 2012-ல் மறைந்த கறுப்பினக் கலைஞர். பாஞ்சோவுக்கு அவருடைய உறவினர் ஓடெல். 2005-ல் அதே மாநிலத்துப் பூன் நகரில் நடந்த கறுப்பினப் பாஞ்சோக் கலைஞர்கள் கூடுகைக்குப் பிறகு பாடகியும் பாஞ்சோக் கலைஞருமான ரியானன் கிடன்ஸும் நண்பர்களும் ஜோவின் வீட்டுக்கே போய் அவரோடு உட்கார்ந்து வாசித்துக் கற்றுக்கொண்டார்கள். அப்புறம் மவுன்ட் ஏரி ஊர்ப் பக்கத்து ஃபிடில், பாஞ்சோக் கலைஞர் டாமி ஜாரெல். சாலை போடும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். தேடி வந்த இளைஞர்களையெல்லாம் வீட்டிலேயே தங்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். இவர்கள் எல்லோருடைய பதிவுகளையும் கேள். வேகத்தைக் குறைத்துக் கேட்டாலும் பரவாயில்லை, தாளில் எழுதியதைப் பார்த்து மட்டும் கற்றுக்கொள்ளாதே. தட்டு எங்கே கனக்கிறது, எங்கே இலேசாகிறது என்பது தாளில் வராது.

இப்போது சில்லறை விஷயங்கள். தோல் மேல் கம்பிகளைத் தாங்கும் சின்ன மரத்துண்டான பிரிட்ஜை ஒட்டியிருக்க மாட்டார்கள், கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கும். எல்லாக் கம்பிகளையும் ஒரே நேரத்தில் கழற்றினால் விழுந்துவிடும், ஒவ்வொன்றாக மாற்று. முனையில் வளையம் உள்ள கம்பிதானா என்று பார்த்து வாங்கு. அப்பார்ட்மென்டில் பக்கத்து வீட்டார் முகம் சுளித்தால், பின்பக்கம் உள்ளே குறுக்காக ஓடும் கட்டைக்கும் தோலுக்கும் நடுவே ஒரு பழைய சாக்ஸைத் திணி, சத்தம் பாதியாகும், காதுக்கும் இதமாக இருக்கும். உன்னுடையது பிளாஸ்டிக் தோல் என்றால் சிகாகோ குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். கன்றுத்தோலாக இருந்தால்தான் வறண்ட காற்றில் விறைக்கும், ஈரத்தில் தொய்யும். நகம் தேயும். சிலர் பிங்பாங் பந்தை வெட்டி நகத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை.

வழக்கமான ஜி சுருதியிலேயே முதல் சில மாதங்கள் இரு. அப்புறம் இரண்டாம் கம்பியை மட்டும் பி சுரத்திலிருந்து சி சுரத்துக்கு ஏற்றிப் பார். அதை ‘சாமில்’ சுருதி என்பார்கள். ஒரே ஒரு கம்பிதான் மாறுகிறது, வாத்தியமே வேறு மனநிலைக்குப் போய்விடும். எனக்கு இந்தச் சுருதி மேல் தனிப் பிரியம். ராத்திரி சமையலறையில் அதில்தான் வாசிப்பேன்.

தனியாகவே வாசித்துக்கொண்டிருக்காதே. உங்கள் ஊரில் 1957-லிருந்து ஓல்ட் டவுன் ஸ்கூல் ஆஃப் ஃபோக் மியூசிக் இருக்கிறது, எட்டிப் பார். பலர் கூடி வாசிக்கும் எந்த ஜாமிலும் முதலில் வெளிவட்டத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சேர்ந்துகொள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், உனக்குப் பிடிபட நேரம் கிடைக்கும். யாராவது காலைத் தூக்கினால் அந்தச் சுற்றோடு முடிகிறது என்று அர்த்தம்.

ஆகஸ்ட் முதல் வாரம் மேற்கு வர்ஜீனியாவில் கிளிஃப்டாப் விழா வரும். மரத்தடியில் கூடாரம் போட்டு ராப்பகலாக வாசிப்பார்கள். நானும் அப்பாவும் போகிறோம், கூடாரத்தில் உனக்கும் இடம் இருக்கிறது. லீவு இப்போதே கேட்டுவிடு, டிக்கெட் நான் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா