ஏற்காடு: நமது சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. கோடை விழாவின்போது மோர்ப்பந்தல் போட்டோம். குடியரசு நாளில் கொடியேற்றினோம்.

சுற்றுலா வருபவர்களுக்காக நாம் அச்சடித்த வழிகாட்டித் தாளைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் குடும்பம், ஏரியில் படகு, அண்ணா பூங்கா, லேடீஸ் சீட் காட்சிமுனையில் ஒரு போட்டோ என்று முடித்துச் சாயங்காலமே இறங்கிவிடுகிறது. இருட்டிய பிறகு லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தால் சேலம் முழுக்க விளக்காகத் தெரியும். அதைச் சொல்ல ஆளில்லை. பகோடா பாயிண்ட், 5,326 அடி உயரத்தில் குகைக்குள் இருக்கும் சேர்வராயன் கோவில், 1963 முதல் இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டம் எல்லாம் அரை நாளில் அடங்குமா? எதை எப்போது பார்ப்பது என்று ஒரே தாளில் எழுதி, இரண்டு மாதம் உட்கார்ந்து நானே படமும் வரைந்தேன்.

கிளியூர் அருவி பற்றி எழுதியதுதான் சிலருக்குப் பிடிக்கவில்லை. ஏரி நிரம்பி வழிந்தால்தான் அந்த 300 அடி அருவிக்குத் தண்ணீர். கோடையில் பெரும்பாலும் பாறைதான். "மழைக்குப் பிறகு போங்கள், மே மாதம் என்றால் விசாரித்துவிட்டு இறங்குங்கள்" என்று போட்டேன். நம் ஊரை நாமே குறைத்துச் சொல்லலாமா என்று கூட்டத்தில் கேட்டார்கள். வயதானவர்களைப் படியிறக்கிக் கூட்டிப்போய், வெறும் பாறையைப் பார்த்து மூச்சிரைக்கத் திரும்புபவர்கள் நம் டிரைவர்களைத்தானே திட்டுகிறார்கள்? அந்த வரியை நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன்.

தாளை விடுதிகளுக்கு விநியோகிக்கப் பெயர் கொடுத்த எட்டுப் பேரில் வந்தவர் ஒருவர். மற்ற விடுதிகளுக்கெல்லாம் பொருளாளரும் நானும்தான் சுமந்து போனோம். ஓரிடத்தில் ஒரு மாதம் கழித்துப் போனால், கட்டுப் பிரிக்காமல் மேசைக்கடியில் கிடக்கிறது. மனசு விட்டுப்போயிற்று.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் உள்ளது. அச்சுக்கூலி நினைத்ததைவிடக் கூடிவிட்டது, கையிருப்பு சொற்பம். உறுப்பினர்களில் பாதிப்பேருக்குமேல் சந்தா பாக்கி. இரண்டு வருடமாகக் கட்டாதவர்களும் பார்க்கிங் தகராறு என்றால் இரவு பதினொரு மணிக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஒருமுறைகூட நான் போகாமல் இருந்ததில்லை.

கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் தாளை மறுபடி அச்சடிக்க வேண்டும். பேருந்து நிலையத்தில் அதையே பெரிய பலகையாக வைக்க ஆசை. இளையவர் யாரேனும் இந்தப் பொறுப்பை ஏற்க முன்வந்தால் படம், குறிப்பு எல்லாவற்றையும் ஒப்படைக்கிறேன். நானே தொடர வேண்டுமென்றால் தனியாக மட்டும் விட்டுவிடாதீர்கள். ரசீதுப் புத்தகம் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. கூட்டம் முடியும்வரை பொருளாளர் அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்