திருவிழா மேடையில் பாட்டுக் கேட்கவேண்டும், சத்தமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் திருவிழாக் காலம் தொடங்கினால் கிளிநொச்சியிலிருந்து முள்ளியவளை வரை ஏதாவதொரு கோயில் வீதியில் இரவிரவாக இன்னிசை நிகழ்ச்சி இருக்கும். குழுக்களில் நல்ல பாடகர்களும் கைதேர்ந்த கிற்றார்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் பாட்டுத்தான் விளங்குவதில்லை. இதற்குக் குழுவையோ சவுண்ட்ஸ்காரரையோ ஏசிப் பயனில்லை. "பக்கத்துக் கோயிலை விட இரண்டு பொக்ஸ் (ஒலிபெருக்கிப் பெட்டி) கூட வை" என்று கோயில் நிர்வாகம் கொடுக்கும் கட்டளையில்தான் பெரும்பாலும் பிழை தொடங்குகிறது.

முதலில், வீதி நெடுக மரங்களில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகள். தேவாரத்துக்கும் பூசை அறிவித்தலுக்கும் அவை போதும். நிகழ்ச்சி தொடங்கிய பிறகும் மைக், வாத்திய ஒலிகளைக் கலந்து அனுப்பும் மேடை மிக்சரிலிருந்து அவற்றுக்கு இணைப்புக் கொடுப்பதுதான் கேடு. வயரில் பாட்டு அந்தக் கணமே போய்ச் சேரும். காற்றிலோ சத்தம் செக்கனுக்கு ஏறக்குறைய 345 மீற்றர்தான் ஓடும். மேடைக்கு 100 மீற்றர் தள்ளி நிற்பவருக்குப் பக்கத்து மரத்துக் கூம்பில் ஒரு சொல் கேட்டு 0.29 செக்கன் கழித்து மேடையிலிருந்து அதே சொல் திரும்ப வரும். நிமிடத்துக்கு 120 தாள அடி போகும் பாட்டில் அது அரைத் தாள அடிக்கும் கூட. தாளம் இரண்டாகத் தெரியாமல் என்ன செய்யும்? நிகழ்ச்சி தொடங்கியதும் கூம்புகளை நிறுத்துங்கள். சனம் தூரம்வரை இருக்குமென்றால் நடுவில் இரண்டு பொக்ஸ் வைத்து, அவற்றுக்குப் போகும் ஒலியை மிக்சரில் சற்றுத் தாமதப்படுத்துங்கள் (டிலே). மேடையிலிருந்து அந்தப் பொக்ஸ் இருக்கும் தூரத்தை மீற்றரில் அளந்து 2.9 ஆல் பெருக்கினால் மில்லிசெக்கன் வரும். 60 மீற்றருக்கு 174. அதோடு இன்னும் பத்துப் பதினைந்து சேர்த்தால், பாட்டு மேடையிலிருந்தே வருவதுபோல் காதுக்குப் படும்.

கூம்பில் இன்னொரு குறையும் உண்டு. அடித்தொனி அதில் வரவே வராது. பேஸ் கிற்றாரின் தடித்த கம்பி 41 ஹேர்ட்ஸில் அதிரும்; கூம்புக்கு அது எட்டாது. எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பேஸை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று ரசிகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது கூவல். மேடை சிறியதென்று பெரிய பொக்ஸ்களைப் பாடகருக்குப் பின்னால் அடுக்கிவிடுகிறார்கள். பொக்ஸிலிருந்து வரும் சத்தம் மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி பொக்ஸுக்கே போனால் கூவாமல் இருக்குமா? மேடை விளிம்புக்கு ஒரு மீற்றராவது முன்னால், இரு கரையிலும், நிற்பவர்களின் தலைக்கு மேலே வாய் இருக்கும்படி பொக்ஸ்களை உயர்த்த வேண்டும். நிலத்தில் வைத்தால் முதல் இரண்டு வரிசையின் காது அடைபடும், பின்வரிசைக்கு ஒன்றுமில்லை. பாடகர் தன் குரலைக் கேட்க வைக்கும் மொனிற்றர் பொக்ஸ், மைக்கின் வால் பக்கத்தை நோக்கி இருக்கட்டும். வழமையான பாட்டு மைக் அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் குறைவாகவே வாங்கும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிக்கும் இளம் பாடகர்கள் இந்த நன்மையை இழக்கிறார்கள். பொத்தியதும் அது எல்லாப் பக்கத்தாலும் வாங்கத் தொடங்கிவிடும். பாடாத மைக்குகளை மூடிவையுங்கள். திறந்த மைக் இரண்டு மடங்கானால் கூவாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும்.

மின்சாரத்தில் அலட்சியம் வேண்டாம். அலங்கார லைற், ஐஸ்கிறீம் வண்டி, மிக்சர் மூன்றையும் ஒரே ஜெனரேற்றர் வயரில் கொழுவினால் இரைச்சல் வரும். அந்த இரைச்சலைப் போக்கவென்று பிளக்கின் எர்த் கம்பியை வெட்டுவது உயிரோடு விளையாடுவது. கிற்றாரைப் பிடித்தபடி மைக்கில் வாய் வைப்பவருக்குத்தான் அடிக்கும். கீபோட்டுக்கும் மிக்சருக்கும் நடுவே, இரைச்சல் ஏறாமல் ஒலியை மிக்சருக்குக் கொடுக்கும் டிஐ பொக்ஸ் என்ற சிறு கருவி ஒன்று வைத்தாலே இரைச்சல் பெரும்பாலும் போய்விடும். மின் கசிந்தால் தானாகவே இணைப்பை அறுக்கும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச் கட்டாயம் வேண்டும். ஆடி ஆவணி வெயிலில் எங்கள் நிலம் காய்ந்து வெடித்திருக்கும். எர்த் கோலைச் சுற்றி உப்புத்தண்ணீர் ஊற்றாமல் அது பேருக்குத்தான் நிற்கும்.

ஒலிச் சரிபார்ப்புக்கு மாலைப் பூசைக்கு முன் முக்கால் மணித்தியாலம் ஒதுக்குங்கள். வழக்கத்தில் ட்ரம்ஸில் தொடங்குவார்கள். முதலில் பாடகரின் குரலைத் தெளிவாக நிறுத்தி, அதற்குள் அடங்கும்படி மற்றதை ஏற்றுவதே கோயில் வீதிக்கு நல்லது என்பேன். மிக்சரில் குரல் மைக்குக்கு 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானை அமத்தினால் காற்றின் உறுமலும் மேடைப் பலகையின் அதிர்வும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கடைசியாக அறிவிப்பாளர்கள். 'சின்னச் சின்ன ஆசை'யைப் பாடியது சித்ராவல்ல, மின்மினி. படம் 'ரோஜா', 1992. 'இளைய நிலா' 'பயணங்கள் முடிவதில்லை' படத்துப் பாட்டு, 1982, பாடியவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம். 'என் இனிய பொன் நிலாவே' 'மூடுபனி', 1980, அது ஜேசுதாஸ். நிலா என்று வந்ததும் இரண்டையும் ஒருவர் தலையில் கட்டிவிடக்கூடாது. 'சுராங்கனி'யைத் தமிழகப் படப்பாட்டு என்று சொல்வதுதான் பெரிய அநியாயம். அது எங்கள் இலங்கைப் பொப் பாடகர் ஏ.ஈ.மனோகரன் பாடிப் பரப்பிய பைலா, அதாவது இலங்கையின் துள்ளல் பாட்டு. பிறகுதான் கடல் கடந்து சினிமாவுக்குப் போனது. உபயகாரர் பட்டியலை முதலெழுத்துக்கூடப் பிழைக்காமல் வாசிக்கும் அறிவிப்பாளருக்கு, பாட்டு, படம், ஆண்டு, பாடியவர், இசை என்று குழுவே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் அதையும் வாசித்துவிடுவார்.

இசை ரசிகர்,
மாங்குளம்.