மஞ்சள் டயலுக்கு மறுபூச்சு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்வெளிக்குப் போன கைக்கடிகாரங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை 1965 மார்ச்சில் நாசா தேர்ந்தெடுத்ததும், நிலவில் ஆல்ட்ரின் அதைக் கட்டியிருந்ததும், 1970-ல் அப்போலோ 13 தத்தளித்தபோது 14 நொடி எஞ்சின் எரிப்பை அதைப் பார்த்து அளந்ததும் சொல்லத்தக்கவைதாம். ஆனால் முக்கியமான ஒரு கடிகாரம் விட்டுப்போய்விட்டது. காரைக்குடியில் கடிகாரம் பழுதுபார்த்தே வாழ்ந்தவன் நான். அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

சீக்கோ 6139. மஞ்சள் டயல், நீலமும் சிவப்புமாக வெளிவளையம், ஆறு மணிப் பக்கம் 30 நிமிடம் எண்ணும் சின்ன வட்டம், வலப்பக்கம் இரண்டு பொத்தான்கள். எழுபதுகளில் சிங்கப்பூர், மலேசியா போய்த் திரும்பியவர்கள் சீக்கோ வாட்ச் கட்டிக்கொண்டு வருவது எங்கள் பக்கம் வழக்கம். அவற்றில் எப்போதாவது ஒன்று இந்த மஞ்சள் டயலோடு என் மேசைக்கு வரும். அன்றைய வேலையில் அதைத்தான் முதலில் திறப்பேன்.

இதை எடுத்துக்கொண்டு விண்வெளிக்குப் போனவர் அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக். 1973 நவம்பர் 16-ல் ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்சன் இருவரோடும் புறப்பட்டு, ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் தங்கி, 84 நாள் கழித்து 1974 பிப்ரவரி 8-ல் பூமிக்கு வந்தார். பூமியை 1,214 முறை சுற்றிய பயணம் அது. நாசா கொடுத்தது ஒமேகாவைத்தான். ஆனால் எலிங்டன் விமானப்படைத் தளத்துக் கடையில் தன் பணம் 71 டாலர் கொடுத்து வாங்கிய சீக்கோவில்தான் அவர் பயிற்சியின்போது எஞ்சின் எரியும் நேரத்தை அளந்து பழகியிருந்தார். கைக்குப் பழகிப்போன அந்தக் கருவியை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல், அனுமதி கேட்காமலே உடையின் பையில் வைத்து எடுத்துப்போனார். கருவியை நம்பித் தொழில் செய்தவர்களுக்கு அந்த மனம் புரியும். என் ட்வீசரை வேறொருவர் எடுத்தால் எனக்கு அன்று வேலை ஓடாது.

1969-ல் தானாகச் சாவி ஏறும் குரோனோகிராஃபை (பொத்தானை அழுத்தி நேரம் அளக்கும் வாட்சை) முதலில் யார் கொண்டுவருவது என்று பெரிய போட்டி நடந்தது. ஜெனித் ஜனவரியிலும், ஹாயர், பிரைட்லிங் முதலிய நிறுவனங்களின் கூட்டணி மார்ச்சிலும் அறிவித்தன. சீக்கோ மே மாதம் சத்தமில்லாமல் ஜப்பானில் விற்பனையே தொடங்கிவிட்டது. விண்வெளிக்குப் போன முதல் தானியங்கி குரோனோகிராஃப், 1985-ல் ஜெர்மானியர் ரெயின்ஹார்ட் ஃபூரர் கட்டிச் சென்ற ‘சின்’ நிறுவன வாட்ச்தான் என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். போக்கின் கதை வெளிவந்த பிறகுதான் அந்தப் பெருமை இந்த மஞ்சள் சீக்கோவுக்கு வந்தது.

இந்த 6139-க்குக் கையால் சாவி கொடுக்கவே முடியாது. பக்கவாட்டில் உள்ள திருகுதலையைத் திருகினால் டயலின் உள்வளையம் சுற்றும்; அழுத்தினால் தேதியும் கிழமையும் மாறும்; வெளியே இழுத்துத் திருகினால் மணி திருத்தலாம். அவ்வளவுதான். ஓட வேண்டுமென்றால் கை அசைய வேண்டும். எடையே இல்லாத இடத்தில், சாவி ஏற்றுவதற்காக உள்ளே சுழலும் தகடான ரோட்டார் எப்படிச் சுற்றும் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பூமியில் அதன் கனமான பாதியைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. அங்கே கீழ் என்று ஒன்று இல்லை. ஆனால் எடை போனாலும் பொருளின் நிறை போவதில்லை. மணிக்கட்டு சட்டென்று திரும்பும்போது கனமான பாதி அதோடு சேர்ந்து திரும்பாமல் பின்தங்கும். அந்த வித்தியாசமே ரோட்டாரின் சுழற்சி. அது எந்தப் பக்கம் சுழன்றாலும், கவை போன்ற ஒரு நெம்புகோலின் இரண்டு நகங்கள் பல்சக்கரத்தை ஒரே திசையில் தள்ளி ஸ்பிரிங்கை முறுக்கிவிடும். அதை மேஜிக் லீவர் என்று சீக்கோ சொல்கிறது. அந்த 84 நாளும் போக் கையை அசைத்து வேலை செய்ததால்தான் அது ஓடியது. இந்த வாட்ச் மேல் எனக்குள்ள பிரியத்துக்கு முதல் காரணம் இதுதான். மேல் பொத்தானை அழுத்தும்போது நொடி முள் துளியும் துள்ளாமல் கிளம்புவது இரண்டாவது. பழைய குரோனோகிராஃப்களில் பல்சக்கரம் பக்கவாட்டில் வந்து கோத்துக்கொள்ளும். அதில் முள் சற்றே குதிக்கும். இதில் முள்ளை ஓட்டத்தோடு இணைக்கும் கிளட்ச் மேலும் கீழுமாக அழுந்திப் பிடிப்பதால் அந்தக் குதிப்பு இல்லை.

2008-ல் போக்கின் வாட்ச் 5,975 டாலருக்கு ஏலம் போனது. அதன் பிறகு இந்த மாதிரிக்கு மவுசு கூடிவிட்டது. மவுசு கூடியதும் டயலுக்குப் பெயிண்ட் அடித்து விற்பதும் தொடங்கிவிட்டது. நான் இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான். தாத்தா கட்டிய 6139 வீட்டுப் பீரோவில் கிடந்தால், "டயலைப் புதுசாக்கித் தருகிறேன்" என்று யார் சொன்னாலும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அசல் டயல் வெளிச்சத்தில் திருப்பத் திருப்பப் பொன்னாக மினுங்கும். மறுபூச்சு போட்டது மஞ்சள் அரைத்துப் பூசியதுபோல் ஒரே தட்டையாக இருக்கும். எழுத்துகளின் ஓரம் கசிந்திருக்கும். வெளிவளையத்தின் சிவப்பு வெயிலில் வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தால் அதுவும் இருக்கட்டும். அது கட்டியவர் நின்ற வெயில். பாலிஷ் என்ற பெயரில் கேஸின் விளிம்பைத் தேய்க்கவும் அனுமதிக்கக்கூடாது.

பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டையும் இரண்டாவது மாதத்தையும் சொல்லும். 3, 1 என்று தொடங்கினால் 1973 ஜனவரி. உள்ளே காய்ந்த எண்ணெயைத் துடைத்துப் புது எண்ணெய் போட்டு, பொத்தான்களிலும் பின்மூடியிலும் உள்ள ரப்பர் வளையங்களை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எங்கள் ஊர் வியர்வை உள்ளே போவது அந்த வளையங்கள் இறுகிப்போன பிறகுதான். கிளட்சைப் பிரிக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். அது ஒரே பாகமாக வருவது, மாற்று எளிதில் கிடைக்காது. எந்தப் பாகத்தை மாற்றினாலும் கழற்றிய பழையதைக் கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடிகாரத் தொழிலாளி,
காரைக்குடி